‘கண்டெடுத்தவர்’ என்று எழுதலாமா? நோர்வல் மொரிசோவும் ஜாக் பொலொக்கும்

கேள்வி: வாகை (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம், கனடாவின் பூர்வகுடிகளுள் ஒன்றான அனிஷினாபே மக்களைச் சேர்ந்த நோர்வல் மொரிசோ என்னும் ஓவியரைப் பற்றியும் அவருடைய படைப்புகளை ரொறன்ரோவில் முதன்முதலில் காட்சிக்கு வைத்த ஜாக் பொலொக் என்னும் ஓவியக் காட்சிக்கூட உரிமையாளரைப் பற்றியும் தமிழில் இருபது நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தேன், இரண்டாவது வாக்கியத்திலேயே தடைப்பட்டு நிற்கிறேன்.

இந்த ஆர்வம் எனக்கு வந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளைன்பேர்க்கில் உள்ள மக்மைக்கல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தபோது, மொரிசோவின் ஓவியம் ஒன்றின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன். தடித்த கருங்கோடு உருவத்தைச் சுற்றி வளைக்கிறது. தோலைத் தாண்டி உடலின் உட்பகுதிகளும் வண்ணத் துண்டுகளாகத் தெரிகின்றன. மனிதரிலிருந்து பறவைக்கும் பறவையிலிருந்து மீனுக்கும் கோடுகள் ஓடி, ஒன்றின் உயிர் மற்றொன்றில் தொடர்வதைக் காட்டுகின்றன. என் மகள் அதை ‘உள்ளே பார்க்கும் படம்’ என்று சொன்னாள். அன்றிரவே அவரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படித்தவற்றில் ஒரு செய்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிறது. பொலொக் 1960இல் ரொறன்ரோவில் சிறியதொரு காட்சிக்கூடத்தைத் திறந்தார். 1962 கோடையில் ஓவியம் கற்பிப்பதற்காக வட ஒன்ராறியோவுக்குச் சென்றவர் பியர்ட்மோர் என்னும் சிற்றூரில் மொரிசோவைச் சந்தித்தார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தன் கூடத்தில் அவருக்குத் தனிக்காட்சி நடத்தினார். வைத்த ஓவியங்கள் யாவும் முதல் நாளிலேயே விற்றுத் தீர்ந்தன. இதைச் சொல்லும் எல்லோரும் பொலொக் மொரிசோவைக் ‘கண்டெடுத்தார்’ என்கிறார்கள்.

எனக்குத் தடையாக இருப்பது அந்தச் சொல்தான். தமிழில் நாம் வழியில் கிடக்கும் பொருளைக் கண்டெடுப்போம். உழும்போது சிலையைக் கண்டெடுப்போம். முப்பது வயதாகி, மனைவி மக்களோடு வாழ்ந்து, பாட்டனாரிடம் மரபுக் கதைகளைக் கேட்டு வளர்ந்து, தனக்கென்று ஓர் ஓவிய மொழியை உருவாக்கிக்கொண்ட மனிதரை இன்னொருவர் எப்படிக் கண்டெடுக்க முடியும்? அதே வேளையில் பொலொக்கின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. அந்தக் காட்சி நடக்காமல் இருந்திருந்தால், இந்த ஓவியங்கள் மானிடவியல் அருங்காட்சியகத்தில் மொக்கசின் என்னும் தோல் காலணிக்கும் கூடைக்கும் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்குமோ என்றும் தோன்றுகிறது.

பூர்வகுடி ஓவியர்களுக்காக உழைத்த ஒரு காட்சிக்கூட உரிமையாளரின் பணியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? பொலொக்கைத் தவிர நான் அறிந்துகொள்ள வேண்டியவர்கள் யார்? ‘பழங்குடி’, ‘பூர்வகுடி’, ‘முதற்குடி’ ஆகியவற்றுள் எதைப் பயன்படுத்துவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மருதன் (மிசிசாகா)

வணக்கம். சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். கனடாவைப் பற்றிப் பேசும்போது ‘பூர்வகுடிகள்’ என்பதை முதற்குடிகள், வடதுருவப் பகுதி மக்களான இனுயிட், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியினரான மெட்டீஸ் ஆகிய மூன்று தரப்பினருக்கும் பொதுவாகவும், ‘முதற்குடிகள்’ என்பதை முதல் தரப்பினருக்கு மட்டுமாகவும் வைத்துக்கொள்வது தெளிவு. ஆனால் மொரிசோவைப் பற்றிப் பேசும்போது அனிஷினாபே என்றே சொல்லுங்கள். ஒரு மக்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் இருக்கும்போது பொதுப்பெயருக்குத் தேவை குறைவு.

பொலொக்கை நான் கொஞ்சம் உயர்த்தியே பேசுவேன். அதற்குக் காரணம் 1962 என்னும் ஆண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1960இல், முதற்குடி மக்கள் தங்கள் சட்டத் தகுதியை இழக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெற்றார்கள். அவர்களுடைய சடங்குகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவந்த சட்டத் தடை 1951இல்தான் நீங்கியது. மொரிசோ ஆறு வயதில் போர்ட் வில்லியமில் இருந்த வதிவிடப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர். குழந்தைகளிடமிருந்து மொழியையும் நம்பிக்கையையும் பிரித்தெடுப்பதற்கென்றே நடத்தப்பட்ட பாடசாலைகளில் அதுவும் ஒன்று. அத்தகைய காலத்தில், அந்த நம்பிக்கைகளையே பொருளாகக் கொண்ட ஓவியங்களை, நகரத்தின் நடுவே, மற்றச் சமகால ஓவியர்களின் படைப்புகள் தொங்கிய அதே சுவரில், ஓவியரின் பெயரைப் போட்டு, ஓவியம் என்றே விலை குறித்து வைத்தவர் பொலொக். நீங்கள் சொன்ன கூடையும் மொக்கசினும் அன்றைய உண்மை. கைவினைப் பொருளுக்குச் செய்தவரின் பெயர் வேண்டாம், ஓவியத்துக்கு வேண்டும் என்று அன்று இருந்த பிரிவினையை அந்தச் சுவர் கலைத்தது.

ஆனால் ‘கண்டெடுத்தார்’ என்பது பிழையான சொல்தான். பியர்ட்மோரில் நடந்ததைக் கவனியுங்கள். பொலொக் காட்டுக்குள் தேடிப்போய் அவரைக் காணவில்லை. ரொறன்ரோவிலிருந்து ஓர் ஓவியர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தன் ஓவியங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வந்தவர் மொரிசோ. அதற்கு முன்பும் அவர் சும்மா இருக்கவில்லை. பிர்ச் மரப்பட்டையிலும் பழுப்புத் தாளிலும் பல ஆண்டுகளாக வரைந்துகொண்டிருந்தார். ரெட் லேக் பகுதியில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நாட்களில் அங்கே மருத்துவராக இருந்த ஜோசப் வைன்ஸ்டைனும் அவருடைய மனைவி எஸ்தரும் அவருடைய ஓவியங்களை வாங்கினார்கள். அவர்கள் வீட்டுக் கலை நூல்களையும் அவர் பார்த்தார். பாறை ஓவியங்களை ஆராய்ந்துகொண்டிருந்த செல்வின் ட்யூட்னி 1960இலேயே அவரோடு பழகத் தொடங்கினார். மொரிசோ எழுதிய மரபுக் கதைகள் ட்யூட்னியின் பதிப்பில் 1965இல் நூலாக வந்தன. ஆக, தன் படைப்பை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று அறிந்து அடுத்தடுத்து அடி எடுத்து வைத்த ஒருவருடைய பாதையில் பொலொக் ஒரு திருப்பம். பெரிய திருப்பம்தான். பாதையை அமைத்தவர் மொரிசோ.

பொலொக்கின் மற்றொரு பணியையும் உங்கள் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் எல்லாம் விற்றுவிட்டால் ஒரு வியாபாரிக்கு அது போதும். பொலொக் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த ஓவியருக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். 1979இல் எழுத்தாளர் லிஸ்டர் சிங்கிளேரோடு சேர்ந்து மொரிசோவின் ஓவியங்களைப் பெரிய நூலாக வெளிக்கொணர்ந்தார். இருவருமே எளிதான மனிதர்கள் அல்லர். குடியும் கடனும் நோயும் இருவர் வாழ்க்கையிலும் குறுக்கிட்டன. பொலொக் 1992இல் காலமானார். கனடாவின் தேசிய கலைக்கூடம் மொரிசோவின் வாழ்நாள் படைப்புக் காட்சியை 2006இல் நடத்தியபோது, அந்தக் கூடத்தின் வரலாற்றில் ஒரு முதற்குடி ஓவியருக்கு அமைந்த முதல் தனிக்காட்சி அதுவாக இருந்தது. பொலொக்கின் சிறு கூடத்திலிருந்து அங்கே போய்ச் சேர நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியைப் பார்க்கும்போது, முதல் சுவரைக் கொடுத்தவரின் துணிவு எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

பதில் 2: கயல்விழி (வின்னிபெக்)

வாகை, மருதன் இருவருக்கும் வணக்கம். மருதன் ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் சுவரைக் கொடுத்தவரைப் பற்றியே பேசினால் கதை பாதியில் நின்றுவிடும். சுவரைத் தாங்களே கட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் நான் வாழும் இந்த வின்னிபெக் நகரில்தான் கூடம் நடத்தினார். அவர் பெயர் டாஃப்னி ஓஜிக்.

ஓஜிக் 1919இல் மனிட்டூலின் தீவில் உள்ள விக்வெமிகொங்கில் பிறந்தார். தந்தை வழியில் ஒடாவா, பொட்டவாட்டமி என்னும் பூர்வகுடிகளைச் சேர்ந்தவர், தாய் ஆங்கிலேயர். கல்லறைக் கற்களைச் செதுக்கிய பாட்டனார் ஜோனாஸ் ஓஜிக்கிடம் சிறுமியாக வரையக் கற்றார். தாயையும் பாட்டனாரையும் இழந்த பிறகு பிழைப்புக்காக வெளியூர் வந்தபோது, பூர்வகுடிப் பெயரைக் கேட்டாலே வேலை மறுக்கப்படும் என்ற நிலையில், தன் குடும்பப் பெயரை அதன் ஆங்கிலப் பொருளான ‘ஃபிஷர்’ என்று மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். பின்னாளில் தன் கடையின் பெயர்ப்பலகையில் ‘ஓஜிக்’ என்று எழுதி வைத்தவரும் இவரே. 1970களின் தொடக்கத்தில் கணவர் செஸ்டர் பீவனுடன் டொனல்ட் தெருவில் அவர் தொடங்கிய அச்சோவியக் கடைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். 1974இல் அது நியூ வேர்ஹவுஸ் காலரி என்னும் முழுமையான காட்சிக்கூடமாக விரிந்தது. கனடாவில் பூர்வகுடி ஒருவரே உரிமையாளராக இருந்து நடத்திய முதல் காட்சிக்கூடம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் கடையில் விற்பனையோடு வேறொன்றும் நடந்தது. ஊருக்கு வரும் பூர்வகுடி ஓவியர்கள் அங்கே கூடிப் பேசினார்கள்: எந்தக் கூடம் எவ்வளவு கொடுக்கிறது, யார் ஏமாற்றுகிறார்கள், தங்கள் படைப்பைக் கலை என்று ஏற்காமல் நினைவுப்பொருள் என்று ஒதுக்குபவர்களிடம் என்ன சொல்வது, வளரும் இளைஞர்களுக்குப் படிப்பு உதவி எப்படிக் கொடுப்பது. அந்தப் பேச்சிலிருந்து ஓர் அமைப்பு உருவானது. டாஃப்னி ஓஜிக், ஜாக்சன் பியர்டி, அலெக்ஸ் ஜான்வியே, நோர்வல் மொரிசோ, எடி கோபினெஸ், கார்ல் ரே, ஜோசப் சான்செஸ் ஆகிய ஏழு பேர் தங்களைத் தொழில்முறை பூர்வகுடி ஓவியர்களின் கூட்டமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள். நிலக்காட்சி ஓவியங்களால் புகழ்பெற்ற ‘எழுவர் குழு’ 1920இல் ரொறன்ரோவில் உருவானதை வைத்து, இங்குள்ள நாளிதழ் செய்தியாளர் ஒருவர் இவர்களை ‘இந்திய எழுவர் குழு’ என்று அழைத்தார். பழைய எழுவர் வரைந்த ஏரிகளிலும் காடுகளிலும் பெரும்பாலும் மனிதர்களே இல்லை. அந்த ஏரிக்கரைகளில் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு அதே பெயரைச் சூட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

வாகை, உங்களைத் தடுத்த அந்தச் சொல்லுக்கான விடை 1972இல் வின்னிபெக் கலைக்கூடத்தில் நடந்த ஒரு காட்சியின் தலைப்பிலேயே இருக்கிறது. ஓஜிக், பியர்டி, ஜான்வியே மூவரின் படைப்புகளும் இடம்பெற்ற அந்தக் காட்சிக்கு ‘ஒப்பந்த எண்கள் 23, 287, 1171’ என்று பெயர். அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்திருந்த எண்கள் அவை. ஜான்வியே பல ஆண்டுகள் தன் ஓவியங்களில் பெயரோடு 287 என்ற எண்ணையும் ஒப்பமாக இட்டார். அரசாங்கப் பதிவேட்டில் எண் வரையில் குறிக்கப்பட்டு, ஒவ்வொரு நாளும் கண்காணிக்கப்பட்ட ஒருவரை யாரும் புதிதாகக் கண்டெடுக்க வேண்டியிருக்கவில்லை. நகரத்துக் கலையுலகம் அவர்களைப் பார்க்க மறுத்தது. அந்த மறுப்பு உடைந்த நாளுக்குக் ‘கண்டெடுத்த நாள்’ என்று பெயர் வைத்துக்கொண்டது.

எழுவரும் மற்றக் கூடங்களை ஒதுக்கவில்லை. மொன்றியலின் டொமினியன் காலரி 1975இல் அவர்களுக்குக் கூட்டுக்காட்சி நடத்தியது. அங்கே அவர்கள் ஓர் அமைப்பாகச் சென்றார்கள். தனித்தனியாகப் படச்சுருளைக் கையில் ஏந்திக்கொண்டு போகவில்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது டொனல்ட் தெருக் கடை. ஓஜிக் 1976இல் கூடத்தை விற்றுவிட்டு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குச் சென்று, முழுநேரமும் ஓவியத்திலேயே ஈடுபட்டார். 2016இல் தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார். அவர் கூடம் நடத்திய ஆண்டுகள் குறைவு. ஆனால் ஒரு காட்சிக்கூட உரிமையாளரின் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இவரைத்தான்.

பதில் 3: சட்டகம் (ரொறன்ரோ)

வணக்கம். நான் படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஓவியத்தின் முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தைப் பார்ப்பது எங்கள் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

மொரிசோ தன் அனிஷினாபே பெயரை, ‘செப்பு இடிப்பறவை’ என்று பொருள்படும் பெயரை, ஓவியத்தின் முன்பக்கத்தில் கிரீ என்னும் பூர்வகுடி மொழியின் அசை எழுத்துகளில் ஒப்பமாக இடுவார். அந்த எழுத்துகளை அவருக்குக் கற்பித்தவர் அவருடைய மனைவி ஹாரியட். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் மொரிசோவின் ஓவியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் உலர்ந்த தூரிகையால் கருவண்ணத்தில் ஆங்கில எழுத்தில் ஓவியரின் பெயர், தலைப்பு, ஆண்டு எல்லாம் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. அத்தகைய பின்பக்க ஒப்பங்கள் பின்னர் வழக்குகளில் பெரும் விவாதப் பொருளாயின. அன்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை; விற்றவரிடமிருந்து ஓவியம் கைமாறிய வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டு வாரம் கழித்து வந்து, அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி, சட்டம் போடாமலேயே எடுத்துச் சென்றார். அவருடைய சேமிப்பின் பெரும்பகுதி அதில் போயிருந்தது.

போலிகளின் அளவு பின்னர்தான் வெளிவந்தது. இசைக்கலைஞர் ஒருவர் 2005இல் 20,000 டொலருக்கு வாங்கிய ஓவியத்துக்கு, அது கைமாறிய வரலாறு என்று விற்றவர் பொய்யான விவரம் கொடுத்திருந்தார் என்பதால், ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அவருக்கு 60,000 டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் எட்டுப் பேர்மீது காவல்துறை குற்றம் சாட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் கைப்பற்றப்பட்டன. அவர்களுள் ஒருவர் அந்த ஆண்டு டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உயிரோடு இருந்த காலத்திலேயே தன் பெயரில் போலிகள் விற்கப்படுவதை மொரிசோ அறிந்து எதிர்த்தார். அவருடைய உண்மையான படைப்புகளைத் தொகுத்துப் பட்டியலிட 2005இல் ஒரு மரபுரிமைச் சங்கமும் அமைந்தது. அவர் 2007இல் காலமாகிவிட்டார்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், காட்சிக்கூடம் நடத்துபவரின் பணியில் மிக முக்கியமானது திறப்பு விழாவும் அல்ல, பத்திரிகைச் செய்தியும் அல்ல, பதிவேடு. எந்த நாளில், எந்த அளவில், எந்த ஓவியம் வந்தது, யாருக்கு என்ன விலைக்குப் போனது, ஓவியருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அதன் புகைப்படம் எங்கே இருக்கிறது என்பவற்றைச் சலிக்காமல் எழுதி வைக்கும் வேலை. விற்ற விலையில் பாதியை எடுத்துக்கொள்வது கூடங்களின் பொதுவான வழக்கம். வாடகை, சட்டம், அழைப்பிதழ், காப்புறுதி எல்லாவற்றையும் அவர்களே சுமப்பதால் அதை நான் குறைசொல்வதில்லை. ஆனால் அந்தப் பாதியை வாங்குபவர் பதிவேட்டையும் சேர்த்தே காக்கக் கடமைப்பட்டவர். மொரிசோ பல கூடங்கள் வழியாகவும், நேரடியாகவும், நெருக்கடியான காலங்களில் தெருவில் நின்றும் விற்றார். அவருடைய படைப்புகள் அனைத்தும் ஒரே பதிவில் எங்குமே இருக்கவில்லை. போலி செய்தவர்கள் நுழைந்த வாசல் அதுதான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு வடக்கே இருக்கிறது. பாஃபின் தீவின் கேப் டோர்செற்றில், இன்றைய கிங்கைட்டில், இனுயிட் ஓவியர்களின் கூட்டுறவுச் சங்கம் 1959இலிருந்து ஆண்டுதோறும் அச்சோவியத் தொகுப்பை வெளியிட்டு வருகிறது. ஒவ்வோர் அச்சுக்கும் எண்ணும் முத்திரையும் உண்டு. எத்தனை பிரதிகள் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படும். 1978இல் அந்தச் சங்கம் ரொறன்ரோவில் தனக்கென ஒரு விற்பனைப் பிரிவையே தொடங்கியது. சங்கத்தின் சேமிப்பில் இருந்த மூல வரைபடங்கள், சுமார் ஒரு லட்சம், வாகை நின்று பார்த்த அதே மக்மைக்கல் அருங்காட்சியகத்தில் நீண்டகாலக் கடனாக வைக்கப்பட்டுள்ளன. அந்தச் சங்கத்தின் புகழ்பெற்ற ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக்கின் அச்சோவியம் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், அதன் எண்ணைக் கொண்டு அது பிறந்த அறைவரையில் பின்னோக்கிப் போய்விடலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் விற்பனையில்தான் ஓவியருக்குப் பங்கு. பிறகு ஓவியம் பத்து மடங்கு, நூறு மடங்கு விலைக்குக் கைமாறினாலும் அந்தப் பணம் வாங்கி வைத்திருந்தவருக்கே போகிறது. ஆஸ்திரேலியாவில் 2010 முதல், 1,000 டொலருக்கும் அதற்கு மேலும் நடக்கும் மறுவிற்பனைகளில் ஓவியருக்கோ அவருடைய வாரிசுக்கோ 5 சதவீதம் சேர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பூர்வகுடி ஓவியர்கள் நீண்டகாலம் போராடியதன் பலன் அது. கனடிய ஓவியர்களும் இதே உரிமையை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

பதில் 4: வைகை (மதுரை)

வணக்கம். கனடாவை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தத் திரியில் மொரிசோவின் பெயரைப் பார்த்ததும் ஓர் இணைப்பைச் சொல்லத் தோன்றியது. 1989இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் நடந்த, ‘பூமியின் மந்திரவாதிகள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பெருங்காட்சியில் மொரிசோவும் இருந்தார். நம் மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் ஊரைச் சேர்ந்த கோண்டு ஆதிவாசி ஓவியர் ஜங்கட் சிங் ஷ்யாமும் இருந்தார்.

ஜங்கட்டின் கதையிலும் பொலொக்கைப் போல ஒருவர் உண்டு: ஓவியர் ஜெ. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர். 1982இல் போபாலில் பாரத் பவன் என்னும் கலை மையம் திறக்கப்பட்டபோது அதன் கலைப்பிரிவை அமைத்தவர் அவர். மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். ஒரு வீட்டுச் சுவரில் அவர்கள் பார்த்த ஓவியத்தின் வழியாக ஜங்கட் போபாலுக்கு வந்தார். நகரத்து ஓவியர்களின் படைப்பையும் ஆதிவாசி ஓவியர்களின் படைப்பையும் ஒரே காலத்துக்குரிய கலையாக அங்கே அடுத்தடுத்து வைத்தார் சுவாமிநாதன். இங்கேயும் எல்லோரும் ‘கண்டெடுத்தார்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஜங்கட் 2001இல், ஜப்பானில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்காக ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வெகுதொலைவில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்தபோது நான் கல்லூரி மாணவன். ஓர் ஓவியரை அழைத்துச் செல்பவருக்கு, அவர் தங்கும் இடத்திலும் திரும்பும் நாளிலும் பொறுப்பு உண்டு என்பது அன்று என் மனதில் பதிந்தது. ‘சட்டகம்’ சொல்லும் பதிவேட்டோடு அதையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: மருதன் (மிசிசாகா)

கயல்விழி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பதிலில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நாற்பத்து நான்கு ஆண்டு இடைவெளியைப் பொலொக்கின் துணிவுக்குச் சான்றாகச் சொன்னேன். அந்த இடைவெளியைச் சுருக்கப் போராடியவர்கள் பூர்வகுடி ஓவியர்களே. தேசிய அருங்காட்சியகத்தில் சமகாலப் பூர்வகுடிக் கலையின் முதல் பூர்வகுடிக் காப்பாளராக இருந்த ரொபர்ட் ஹூல், புனிதப் பொருள்கள் அங்கே நடத்தப்பட்ட விதத்தைத் தாங்க முடியாமல் 1980இல் பதவி விலகினார். தேசிய கலைக்கூடம் முதற்குடி ஓவியர் ஒருவரின் படைப்பைச் சமகாலக் கலையாக முதன்முதலில் வாங்கியது 1986இல். அது கார்ல் பீமின் ‘வட அமெரிக்கப் பனிப்பாறை’. பொலொக்கைப் பற்றி நான் சொன்ன நன்றிச் சொல் மாறவில்லை; அதை வைக்கும் இடம் சற்று மாறுகிறது.

மறுமொழி: வாகை (ஸ்காபரோ)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சின் அமைப்பை மாற்றிவிட்டேன். பொலொக்கின் கூடத்தில் நடந்த 1962 காட்சியில் தொடங்கவிருந்தேன்; இப்போது, பிர்ச் பட்டையில் வரைந்துகொண்டிருந்த இளைஞரிலிருந்து தொடங்குகிறேன். டொனல்ட் தெருக் கடைக்குப் பாதி நேரத்தை ஒதுக்கியிருக்கிறேன். மரபுக் கதைகளை வெளியாருக்குக் காட்டியதற்காக மொரிசோவைத் தன் மக்களுள் சில மூத்தோரே கண்டித்தார்கள் என்பதையும் படித்தேன்; காட்சிக்கூடத்தின் சுவரில் எதைத் தொங்கவிடலாம் என்பதில் அவர்களுக்கும் ஒரு சொல் இருந்தது என்பதால் அதையும் சேர்க்கிறேன்.

என்னைத் தடுத்த இரண்டாவது வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘1962 கோடையில் நோர்வல் மொரிசோ தன் ஓவியங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஜாக் பொலொக்கைப் பார்க்கப் போனார், பொலொக் அவற்றை விரித்துப் பார்த்தார், செப்டம்பரில் தன் கூடத்தின் சுவர்களை அவருக்குக் கொடுத்தார்.’ எழுவாய் மாறியதும் மற்ற வாக்கியங்கள் தடையில்லாமல் வந்துவிட்டன. பேச்சு முடிந்ததும், கேட்டவர்களுள் விருப்பமுள்ளவர்களைக் கிளைன்பேர்க்குக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறோம். ‘சட்டகம்’ ஐயா, அந்த நாளில் நேரம் இருந்தால் நீங்களும் வர வேண்டும்.